நோட்டில் இல்லாத இரண்டு வரி

மனநல வார்டில் எங்களுக்குக் கொடுத்த வேலைகளில் ஊசி, மாத்திரை எல்லாம் இரண்டாவதுதான். முதல் வேலை பேச்சு. ஒரு நோயாளியோடு அரை மணி நேரம் பேச வேண்டும். பிறகு அவர் என்ன சொன்னார், நாம் என்ன சொன்னோம் என்று ஒரு வார்த்தை விடாமல் நினைவிலிருந்து எழுத வேண்டும். புரோசஸ் ரெக்கார்டிங் என்று அதற்குப் பெயர். பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரித்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் நோயாளியின் பேச்சு, அடுத்ததில் நம் பேச்சு, மூன்றாவதில் நாம் கையாண்ட முறை, நாலாவதில் அதிலிருந்து நமக்குப் புரிந்தது. அவர் முன்னால் நோட்டைத் திறக்கக் கூடாது. அதனால் பேசி முடித்த கையோடு வார்டுக்கு வெளியே மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து, மறப்பதற்குள் பென்சிலில் கிறுக்கி வைத்துக்கொள்வோம். ஜன்னலோரக் கட்டில்காரர்களுக்கு நாங்கள் எழுதுவது தெரியும்.

நான் நர்சிங் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் எட்டாவது தாண்டியதில்லை. கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். அப்பா காய்கறி லோடு ஏற்றுவார், அம்மா ரோஜாத் தோட்டக் கம்பெனிக்குப் பூ அறுக்கப் போவார். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், சந்தையில் கன்னடம். ஆங்கிலம் மட்டும் பரீட்சைக்கு. ஆனால் அந்த நோட்டை ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும். தமிழில் பேசியதை ஆங்கிலத்தில் ஏற்றுவதற்குள் எனக்கு வியர்த்துவிடும்.

எங்கள் மேடம் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பவர். பேச்சுக்கு உதவும் முறைகள் என்று ஒரு பட்டியல், பேச்சை அடைத்துவிடும் முறைகள் என்று ஒரு பட்டியல், இரண்டையும் எங்களுக்கு மனப்பாடமாக்கியிருந்தார். அறிவுரை சொல்வது அடைப்பு. பேச்சை மாற்றுவது அடைப்பு. ஆதாரமில்லாமல் ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய அடைப்பு. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் குறையும். எனக்கு வந்ததெல்லாம் அடைப்புதான். ஆறுதல் என்றால் எங்கள் பக்கத்தில் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆவாது’ என்று தோளில் தட்டுவது. சாவு வீட்டில்கூட அதைத்தான் சொல்வார்கள். என்னுடைய முதல் இரண்டு ரெக்கார்டுகளும் சிவப்பாகவே திரும்பி வந்தன. இரண்டாவதைத் திருப்பிக் கொடுக்கும்போது, ‘நீ பேஷண்ட்கிட்ட பேசறயா, இல்ல பஞ்சாயத்து பண்றயா?’ என்று மேடம் கேட்டார். வகுப்பே சிரித்தது. மூன்றாவது நன்றாக வந்தே ஆக வேண்டும் என்று நான் இருந்தது அதனால்தான்.

மூன்றாவதுக்கு எனக்குக் கிடைத்தவருக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். தென்காசிப் பக்கத்து ஆள். ஓசூரில் வண்டி உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், கடைசியாகச் சரிபார்த்து அனுப்பும் மேசையில் வேலை. மனைவிக்குப் போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. இரண்டுக்கும் நடுவில் இருக்கட்டும் என்று கிருஷ்ணகிரியில் வாடகைக்கு வீடு எடுத்திருந்தார்கள். அவர் பார்த்து அனுப்பிய ஒரு லாட் சரக்கு குறையோடு திரும்பி வந்ததாம். கம்பெனியில் பெரிதாக யாரும் திட்டவில்லை. ஆனால் அவருக்குத் தூக்கம் போனது. அப்புறம் சாப்பாடு. அப்புறம் கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை போவார், பஸ் வரும், ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார். மனச்சோர்வு நோய் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது.

முதல் நாள் சொல்ல வேண்டியதை ஒப்பித்தேன். நான் மாணவன், இந்த வாரம் தினமும் உங்களோடு அரை மணி நேரம் பேசுவேன், பேசியதை எழுதி எங்கள் மேடத்திடம் காட்டுவேன், உங்கள் சிகிச்சைக்குத் தேவையானவர்களைத் தவிர வேறு யாருக்கும் போகாது. அவர் கேட்டுக்கொண்டார்.

மனநல மருத்துவத்தில் பேச்சு சிகிச்சைக்குப் பல வழிகள் உண்டு. வகுப்பறைச் சுவரில் அதற்கான சார்ட்டை வரைந்து ஒட்டியவன் நான்தான். குழந்தைப் பருவத்தில் புதைந்து கிடப்பதைத் தோண்டி எடுக்க வேண்டும் என்பது ஒரு வழி. நடத்தையை மாற்றினால் மனசு தானே மாறும் என்பது இன்னொன்று. எண்ணம் கோணலாக இருக்கிறது, அதை நிமிர்த்த வேண்டும் என்பது மூன்றாவது. நாலாவது, தோண்டாமல் திருத்தாமல், அந்த மனிதர் இருக்கிறபடி அவரை ஏற்றுக்கொண்டு கூட இருப்பது. நாலாவதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லையே என்று எனக்கு அப்போது தோன்றியது. அதனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு வழியாக அவர்மேல் பிரயோகம் செய்தேன். இப்போது எழுதக் கை கூசுகிறது, ஆனால் செய்தேன்.

திங்கட்கிழமை அவருடைய அம்மாவைப் பற்றிக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை கால அட்டவணை போட்டுக் கொடுத்து வராந்தாவில் நாலு சுற்று நடக்க வைத்தேன், ஒவ்வொரு சுற்றுக்கும் டிக் போட்டேன். நடக்கும்போது அவர் ஊர்க்குளத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். புதன்கிழமை, ‘நான் எதுக்கும் லாயக்கில்ல’ என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அதற்கு என்ன ஆதாரம், அதற்கு எதிராக என்ன ஆதாரம் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, திங்கக்கிழம எங்க அம்மையக் கேட்டீரு. நேத்து நடக்க விட்டீரு. இன்னைக்கு வக்கீல் கணக்கா சாட்சி கேக்கீரு. நாளைக்கு என்ன, வேப்பிலையோட வருவீரா?”

பக்கத்துக் கட்டிலில் இருந்த கன்னடக்காரருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் அவர் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து இவரும் லேசாகச் சிரித்தார். நான் வெளியே போய், நகைச்சுவை உணர்வு திரும்பியிருக்கிறது, முன்னேற்றம் தெரிகிறது என்று நாலாவது கட்டத்தில் எழுதினேன்.

அன்று பார்வையாளர் நேரத்தில் அவருடைய மனைவி ஷிப்டுக்குப் போகும் வழியில் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு வந்திருந்தார். என்னிடம் வந்து, “சார், உங்ககிட்டயாவது பேசுதாவளா? என்கிட்ட வாயே திறக்க மாட்டேங்காவ” என்றார். பேசறாருக்கா, நல்லா பேசறாரு என்றேன். என்னை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். அது எனக்குப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை என் கையில் மிச்சமிருந்தது, செய்வதற்கு ஒன்றுமே இல்லாத அந்த நாலாவது வழிதான். சும்மா போய்ப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும். பிறகு அவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

“சனிக்கிழம வீட்டுக்கு விடுவாவளாம். விட்டாச்சுன்னா நான் இருக்க மாட்டேன் தம்பி.”

இப்படி ஒருவர் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பத்து மார்க் கேள்வி அது. என்ன நினைத்துச் சொல்கிறீர்கள் என்று நேராகக் கேட்க வேண்டும். அவரைத் தனியாக விடாமல் உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். தேர்வில் அதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அன்று என் வாயிலிருந்து வந்தது வேறு.

“அப்படிலாம் பேசக் கூடாதுங்ண்ணா. எல்லாம் சரியாப் போயிரும். சாப்ட்டிங்களா?”

“சாப்ட்டாச்சு” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மணி ஒன்று ஆகியிருந்தது. வெளியே கல்லூரி பஸ் ஹாரன் அடித்தது. சிஸ்டர் மேசையைத் தாண்டித்தான் வெளியே போனேன். நின்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். எழுதித்தானே கொடுக்கப் போகிறோம், மேடம் படித்ததும் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் விடுதி மொட்டைமாடியில் நோட்டை விரித்து, பஸ்ஸில் கிறுக்கி வைத்திருந்ததைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினேன். அந்த இடம் வந்தது. அவர் சொன்னதை எழுதினால் அதற்கு நான் சொன்னதையும் எழுத வேண்டும். அறிவுரை, பொய் ஆறுதல், பேச்சை மாற்றுதல். பட்டியலில் இருந்த மூன்று அடைப்பும் ஒரே மூச்சில். சிவப்புப் பேனா எங்கெங்கே விழும் என்று தெரிந்தது. என் பதிலை மட்டும் மாற்றலாமா என்று பார்த்தேன். சரியான கேள்வியைக் கேட்டதாக எழுதினால், கேட்டுவிட்டு ஏன் வார்டிலேயே சொல்லவில்லை என்று மேடம் கேட்பார். அதனால் இரண்டு வரியையும் விட்டுவிட்டேன். அவர் சொன்னதையும் நான் சொன்னதையும். அந்த இடத்தில் செவ்வாய்க்கிழமை அவர் சொன்ன ஊர்க்குளத்தைக் கொண்டுவந்து வைத்தேன். ஊர் நினைப்பு உங்களுக்குத் தெம்பாக இருக்கிறது போலிருக்கிறதே என்று நான் கேட்டதாகவும், அவர் ஆமாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்ததாகவும் எழுதினேன். ஆங்கிலம் அன்று வியர்க்காமல் வந்தது. நடந்ததை எழுதுவதுதான் கஷ்டம்.

அவர் ஏதோ சலிப்பில் சொன்னது, எல்லாரும் சொல்வதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பியதும் நினைவிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மேடம் அந்த ரெக்கார்டை வகுப்பில் படித்துக் காட்டினார். பேச்சு இப்படிப் போக வேண்டும் என்றார். பையன்களும் பெண்களும் அதைப் போனில் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை மறைத்தால் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

அதே நாள் பதினோரு மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். என் நோயாளியின் கட்டிலுக்கு முன்னால் எல்லாரும் நின்றோம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவர் தலையாட்டினார். டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

“உன் பேஷண்ட்தானே தம்பி? உன்கிட்ட எதனா சொன்னாரா?”

“இல்லீங் சிஸ்டர். நல்லா பேசறாரு.”

நோட்டில் எழுதாமல் விட்டது கோழைத்தனம் என்றால் இது பொய். அவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் காதுபடச் சொன்ன பொய். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாக இல்லை. ஒரு கடைக்குப் போய், நாம் கேட்ட பொருள் இல்லை என்றதும் கடைக்காரரைப் பார்ப்போமே, அப்படி. பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டார். டாக்டர் கேஸ் ஷீட்டில் டிஸ்சார்ஜ் எழுதினார்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேல் அவருடைய மனைவி ஒரு பையோடு வந்தார். அன்றும் கழுத்தில் அட்டை. நான் வராந்தாவில் அவர் கண்ணில் படாமல் போகத்தான் பார்த்தேன். அவரே என்னிடம் வந்தார். உங்களால்தான் சார் இவ்வளவு சீக்கிரம் என்றார். பிறகு கேட்டார்.

“லீவெல்லாம் தீந்துபோச்சு சார். ரெண்டு மணிக்கு பஸ். இவியள வீட்டுல விட்டுட்டு நான் ஷிப்டுக்குப் போவலாம்லா? ராத்திரி பதினொண்ணரைக்கு வந்துருவேன்.”

போகலாம் என்று சொன்னால் போய்விடுவார். என்னால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. இதில் பெருமைப்பட எதுவும் இல்லை. அவர் கேட்காமல் இருந்திருந்தால் நான் பஸ் ஏறிப் போயிருப்பேன் என்றே நினைக்கிறேன். கொஞ்சம் இருங்கக்கா, போயிடாதீங்க என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி ஓடினேன்.

பஸ் படியருகே மேடம் வருகைப் பதிவேட்டோடு நின்றுகொண்டிருந்தார். பின்னால் ஜன்னல் எல்லாம் என் வகுப்புக்காரர்கள். தனியாகக் கூப்பிட நேரமில்லை.

“மேடம், நான் எழுதனது நடந்ததில்ல” என்றேன். அப்புறம் என் நோயாளி சொன்ன அந்த வரியை அவர் சொன்னபடியே சொன்னேன். என்றைக்குச் சொன்னார் என்பதையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான். “இப்ப அவர் பக்கத்துல யார் இருக்கறாங்க?”

பதிவேட்டை என் கையில் திணித்துவிட்டு அவர் மாடிப்படியேறி ஓடினார். மேடம் ஓடி நான் பார்த்ததில்லை. பதிவேட்டை மார்போடு பிடித்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

டாக்டரைத் திரும்ப அழைத்தார்கள். உள்ளே நோயாளியைத் தனியாக உட்கார வைத்து, நேராகவே கேட்டார்கள். ஆமாம் என்றாராம். பத்து நாளாக அந்த நினைப்புதான் என்றாராம். டிஸ்சார்ஜ் சீட்டைக் கிழித்துவிட்டு, அவரைக் கண்பார்வையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அவருடைய கட்டிலை சிஸ்டர் மேசைக்கு எதிரே மாற்றினார்கள். ஒரு கால் பிடித்துத் தூக்க நானும் போனேன். வேறு ஆளை விடச் சொன்னார் சிஸ்டர்.

டாக்டர் அவருடைய மனைவியிடம் விவரம் சொல்லி அனுப்பிய பிறகு அந்த அக்கா வராந்தாவில் என்னிடம் வந்தார். அழவில்லை.

“நேத்து நான் வார்டுக்குப் போன் போட்டேன். டாக்டர் கேட்டதுக்கு, நல்லா பேசுதாவன்னு அந்தப் பையன் சொல்லிட்டான்னு சிஸ்டர் சொன்னாவ. அது நீங்களா சார்?”

“நான்தாங்க்கா.”

“அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“வியாழக்கிழமையே தெரியுங்க்கா.”

அவர் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கயிற்றைச் சுற்றிப் பைக்குள் வைத்தார். போனை எடுத்து சூப்பர்வைசரிடம் இன்று வர முடியாது என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்கும் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை மேடம் என் மதிப்பெண்ணை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதி வரச் சொன்னார். எழுதினேன். வகுப்பில் நின்று படிக்கச் சொன்னார். மூன்று அடைப்பையும், ரவுண்ட்ஸில் சொன்ன பொய்யையும் படித்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அன்று மதியமே ஏழெட்டுப் பேர் ஆசிரியர் அறைக்குப் போய், கொடுத்த ரெக்கார்டில் சின்னத் திருத்தம் இருக்கிறது என்று திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார்கள். மேடம் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவர்கள் விட்ட வரிகளில் என்ன இருந்ததோ தெரியாது, என்னுடையதில் ஓர் ஆள் இருந்தார்.

அவரிடம் போகத் தைரியம் வர இன்னும் இரண்டு நாள் ஆனது. சிஸ்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போய் நின்றேன். ஸ்டூலில் உட்காரவில்லை. நீங்கள் என்னை நம்பிச் சொன்னீர்கள், நான் சொல்லவில்லை, தப்புதான் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் மாத்திரை மயக்கத்தில் மெதுவாகப் பேசினார்.

“உம்ம நம்பிலாம் சொல்லல தம்பி. எங்க கம்பெனில ஒரு கொறைய சீட்டுல எழுதியாச்சுன்னா அது மேல போயிரும். எழுதினவன் மறந்தாலும் சீட்டு போயிரும். நீரு தினமும் படில உக்காந்து எழுதுததப் பாத்தேன். எம்பொண்டாட்டிகிட்ட சொல்ல வாய் வரல. டாக்டர்ட்ட சொல்ல வெக்கம். உம்மட்ட சொன்னா எழுதுவீரு, உங்க மேடம் படிப்பாவன்னு சொன்னேன்.”

இன்னொன்றும் சொன்னார். “மறுநா அந்த சிஸ்டரு உம்மட்ட கேக்கயில, சரி, சீட்டு வந்துட்டுன்னு நெனச்சேன்.”

அவர் காப்பாற்றச் சொல்லி எங்களிடம் வந்திருக்கிறார். தனக்குத் தெரிந்த வழியில், ஒரு பரிசோதகர் குறையை மேலே அனுப்புவதுபோல, தன்னையே எழுதி அனுப்பியிருக்கிறார். அந்தச் சீட்டை நான் நடுவில் எடுத்து வைத்துக்கொண்டு, நன்றாக ஆங்கிலம் எழுதியிருக்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்ட பிறகும் நின்றுகொண்டிருந்தேன். போயி சாப்பிடும், மணியாச்சு என்றார் கண்ணைத் திறக்காமலே.

மேலும் இரண்டு வாரத்துக்கு மேல் அவர் வார்டில் இருந்தார். வேறு மாணவி ஒருத்தியை அவருக்குப் போட்டிருந்தார்கள். மருந்து மாற்றியதில் தூக்கம் வந்தது, பிறகு பசி வந்தது. கன்னடக்காரரோடு கையாலும் கண்ணாலும் ஏதோ பேசிச் சிரிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். எங்கள் போஸ்டிங் முடிவதற்கு முந்தின நாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊரிலிருந்து மைத்துனர் வந்திருந்தார், ஒரு மாதம் கூட இருக்கப்போவதாகச் சொன்னார்கள். மனைவி காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

மாத்திரை எப்போது, திரும்ப எப்போது வர வேண்டும், எந்த மாதிரிப் பேச்சு வந்தால் உடனே கூட்டி வர வேண்டும் என்று சிஸ்டர் அந்த அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரியா என்று கேட்டார். அவியள எப்பத் தனியா விடலாம் என்றும் கேட்டார். நான் இரண்டடி தள்ளி மருந்து டிராலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் பக்கம் ஒரு தடவைகூட அவர் திரும்பவில்லை. சிஸ்டர் சொன்னதை மறுபடி அந்த மாணவியிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டார். அவளும் என்னைப் போல மூன்றாம் வருஷம்தான்.

வாசலில் அந்த அண்ணன் மட்டும் நின்று, வாரேன் தம்பி என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தார். நான் போயிட்டு வாங்கண்ணா என்றேன். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.